சத்தம் மட்டும் வரக்கூடாது

சார், அந்த ஜன்னல் சீட்ட எனக்குக் குடுக்குறீங்களா? கோவிச்சுக்கிறாதீங்க. காத்துக்காகக் கேக்கல, வாந்தி வரும்னும் கேக்கல. மலைலருந்து எறங்குற வண்டியெல்லாம் இந்தப் பக்கமாத்தான் போகும். ஒவ்வொண்ணா நான் பாக்கணும். வெள்ளக் காரு சார். முன்னாடி பம்பர்ல பளபளன்னு ஸ்டீல் கம்பி கார்டு போட்டிருக்கும், அதுல காஞ்ச மாலை ஒண்ணு தொங்கும். உங்க கண்ணுல பட்டாலும் சொல்லுங்க. ரொம்ப நன்றி சார். இப்படித் தள்ளி உக்காருங்க, பைய நான் வேணா மடில வச்சுக்கிறேன்.

கொடைக்கானல்தானே போறீங்க? நானும் அங்கதான். அங்கயான்னு கேட்டா அதுவும் தெரியல. வழியில அந்தக் காரப் பாத்தா வழியிலயே எறங்கிருவேன். அதுல என் மக இருக்கா. மாப்பிள்ளையும் இருக்காக.

என் பேரு சௌந்தரபாண்டி. வத்தலக்குண்டுல பந்தல் காண்ட்ராக்ட். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எந்தக் கல்யாணத்துக்கு நீங்க வந்திருந்தாலும் என் பந்தலுக்குக் கீழதான் சாப்பிட்டிருப்பீங்க. எங்க பந்தல்ல ஓட்டையே இருக்காது சார். ஓட்டை இருந்தா அதுக்கு மேல ஒரு சீலைத்துணி இருக்கும். பாக்குறவுக மூஞ்சி சுளிக்கக் கூடாது, அம்புட்டுத்தான் எங்க தொழிலு.

அந்தா ஒரு வெள்ள வண்டி வருது. இல்ல. அது ஜீப்பு.

டிரைவர் ஏன் சார் இப்படி உருட்டுறாரு? கொஞ்சம் மிதிச்சா என்ன? மலைன்னா ஏறத் தெரியணும். கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன், அவரு என்னைய ஒரு மாதிரி பாக்குறாரு. காலைலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல சார்.

சொல்றேன், சொல்றேன். மொதல்லருந்து சொல்றேன். சொன்னாத்தான் எனக்கும் இங்க உக்காந்திருக்க முடியும்.

எனக்கு ஒரே மக. வினோதினி. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊரு போடி, கரண்டு ஆபீஸ்ல வேலை. கதிரேசன்னு பேரு. தங்கமான மனுசன். நிச்சயத்தன்னைக்கு நான் சபையில எந்திரிச்சு, 'பொண்ணுக்குக் கார் போடுறேன்'னு சொல்லிட்டேன். மாப்பிள்ளை அப்பவே என்னையத் தனியா கூப்பிட்டு, 'காரெல்லாம் எதுக்கு மாமா, என்கிட்ட பைக் இருக்கு, அது போதும்'னாக. கேட்டேனா? எப்படிக் கேப்பேன்? அவுக அண்ணனுக்குப் பொண்ணு குடுத்தவுக கார் போட்டிருக்காக. அந்தக் கார் வாசல்ல நிக்கிறப்ப என் மக பைக்ல போயி எறங்கணுமா?

புதுசு இல்ல சார். திண்டுக்கல்ல ஒரு புரோக்கர் பிடிச்சுக் குடுத்தான். டாக்டர் ஓட்டுன வண்டின்னான். பாலீஷ் போட்டு நிறுத்துனா புதுசு என்ன, புதுசுக்கு அண்ணன் மாதிரி இருந்துச்சு. நான் பாத்துப் பாத்துச் செஞ்சேன் சார் அந்த வண்டிக்கு. முன்னாடி ஸ்டீல் கார்டு நானே நின்னு போட வச்சேன். சீட்டுக்கு வெல்வெட் கவரு, ரெண்டு பக்கமும் இழுத்துத் தச்சது. டேஷ்போர்டு மேல பித்தளைப் பிள்ளையாரு, பசை போட்டு ஒட்டி, அசைச்சுப் பாத்தேன், அசையல. மக உக்கார்ற பக்கம் நேரா அவரு மூஞ்சியப் பாக்குற மாதிரி. இதுக்கு மேல ஒரு அப்பன் என்ன செய்வான்?

ஆனா ஒரு சத்தம். பிரேக்க மிதிச்சா கீச்சுன்னு ஒரு சத்தம். கல்யாணம் முடிஞ்ச மறுநாளு கோயிலுக்குப் போனோம், பின்னாடி சம்பந்தியம்மா உக்காந்திருக்காக. சந்தைக்குள்ள வண்டி நின்னு நின்னு போகுது. நிக்கிறப்பெல்லாம் கீச்சு. சம்பந்தியம்மா ஜன்னலப் பாத்துக்கிட்டே மெதுவாத்தான் சொன்னாக. 'என்ன சம்பந்தி, பொண்ணு சிரிச்சுக்கிட்டு வருது, வண்டி அழுதுக்கிட்டு வருது'ன்னாக. கார்ல எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். சிரிச்சேனே ஒழிய, அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

பெல்ட்டு போடலன்னா டிங் டிங்னு ஒண்ணு அடிக்கும்ல, அதுக்கும் அவுக காதப் பொத்துனாக. அதுக்கு ஒரு கிளிப் விக்கிறான் சார். வாங்கிச் சொருகிட்டேன். அது அடங்கிப் போச்சு. இந்தக் கீச்சுதான் அடங்கல.

எங்க ஊர்ல இருதயராஜுன்னு ஒரு மெக்கானிக்கு. அவன்கிட்ட விட்டேன். சக்கரத்தக் கழட்டிப் பிரேக் பேட எடுத்து என் கையில குடுத்தான். அப்பளம் மாதிரி இருந்துச்சு. 'அண்ணே, இது சும்மா கத்தல. பேடு தேஞ்சு போச்சுன்னா இந்தத் தகடு போயி டிஸ்க்ல உரசும். உரசிக் கத்தணும்னே வச்சிருக்கான். நம்மளக் கூப்பிடுது'ன்னான். சரிப்பா, மாத்திக் குடுன்னேன். 'மதுரைலருந்து சாமான் வரணும், வண்டி இங்க நிக்கட்டும்'னான். அதோட விட்டானா? முன்னாடி கார்டக் கழட்டணும்னான். வண்டியோட முன்பக்கம் நசுங்கணுமாம் சார். அது நசுங்குனாத்தான் உள்ள இருக்குறவன் நசுங்க மாட்டானாம். காசு குடுத்து வாங்குன வண்டி நசுங்கணும்னு எவனாச்சும் சொல்வானா? பிள்ளையாரையும் எடுக்கச் சொன்னான். அவருக்குக் கீழதான் காத்துப்பை இருக்காம், அது வெடிச்சு வந்தா அவரு கல்லு மாதிரி வந்து மூஞ்சில அடிப்பாராம். அவன் வேதக்காரன் சார், சர்ச்சுக்குப் போறவன். நம்ம சாமியப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?

ஆனா எனக்கு வேற கவலை. அந்த வாரம்தான் மறுவீடு. போடிலருந்து ஒரு வேன் நெறைய ஆளு விருந்துக்கு வர்றாக. வாசல்ல கார் நிக்க வேணாமா? மாலை போட்டு, கற்பூரம் காட்டி, எல்லாரும் பாக்கச் சாவியக் கையில குடுக்க வேணாமா? கார் எங்கன்னு கேட்டா பட்டறையில கெடக்குன்னு சொல்லவா? இருதயராஜு கெஞ்சுனான், கேக்கல. வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு எதுத்தாப்புல அழகர்னு ஒருத்தன் வண்டி கழுவுற வாட்டர் சர்வீஸ் வச்சிருக்கான். அவனக் கூப்பிட்டேன். 'சத்தம் மட்டும் வரக்கூடாதுடா'ன்னேன். அவன் கெட்டிக்காரன் சார். அந்தத் தகட்ட உள்பக்கமா மடக்கி விட்டான். அப்பவும் லேசா முனகுச்சு. நாலு சக்கரத்துலயும் கிரீஸ வச்சு அப்பிவிட்டான். ஒரு சுத்து ஓட்டிப் பாத்தேன். ஒரு சத்தம் இல்ல. பூனை மாதிரி நின்னுச்சு. கொஞ்சம் தள்ளித்தான் நின்னுச்சு, ஆனா நின்னுச்சு.

என்ன சார் தலையில கை வச்சுட்டீங்க? நிரந்தரமா விட்டுருவேன்னா நெனைக்கிறீங்க? மறுவீடு முடியவும் சர்வீசுக்கு விடுறேன்னு வண்டிய வாங்கி, சத்தமில்லாம இருதயராஜுகிட்ட குடுத்து மாத்திரலாம்னுதான் இருந்தேன். ஆண்டவன் சத்தியமா அதுதான் என் நெனப்பு. போடிக்கும் வத்தலக்குண்டுக்கும் சமதரையிலதானே ஓடப்போகுது. மாப்பிள்ளை ஓட்டிப் பாத்துட்டு, 'பிரேக் வழுக்குற மாதிரி இருக்கே மாமா'ன்னு கேட்டாக. 'புதுசு மாத்துனது மாப்பிள்ளை, ஓட ஓட செட் ஆயிரும்'னேன். சபையில வேற எப்படிச் சொல்றது?

சார், சார், அந்தா. வெள்ளக் காரு. வளைவுல திரும்புது பாருங்க. கார்டு இருக்கா? எனக்குக் கண்ணு கலங்கித் தெரியல. இல்லையா? நல்லாப் பாத்தீங்களா? சரி. சரி சார்.

மறுவீட்டு விருந்து முடிஞ்ச கையோட நேத்து மத்தியானம் ரெண்டு பேரும் மதுரைக்குப் போறோம்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனாக. மதுரை ரோடு மேடு பள்ளம் இல்லாத ரோடு, நானும் வாயத் தொறக்கல. இன்னைக்கு விடிஞ்சும் விடியாம போனுக்கு ஒரு போட்டோ வருது. மக அனுப்பியிருக்கா. பின்னாடி படிப்படியா பூண்டு வயலு, மேகம் கீழ கெடக்கு. கார்டுல சாஞ்சுக்கிட்டுச் சிரிக்கிறா. 'பூம்பாறைப்பா, உங்க மாப்பிள்ளை ஏமாத்திக் கூட்டிட்டு வந்துட்டாக'ன்னு எழுதியிருக்கா. கொடைக்கானலுக்கும் மேல சார் அந்த ஊரு. அந்தக் கார்லயே மலையேறிட்டாக. வீட்டுல என் சம்சாரத்துகிட்ட காட்டக்கூட இல்ல. அட்வான்ஸ் வாங்கப் போறேன்னு சட்டைய மாட்டிக்கிட்டு நேரா இருதயராஜு பட்டறைக்கு ஓடுனேன்.

கிரீஸ் வச்சதச் சொன்னேன். அவன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அவன் என்னைய அடிப்பான்னு நெனச்சேன், அடிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். 'அண்ணே, ஏறுறப்ப ஒண்ணும் தெரியாது. எறங்குறப்பதான் அமுக்கிக்கிட்டே வரணும். சூடேற ஏற அந்தக் கிரீஸ் உருகிப் பேடெல்லாம் பரவும். அப்பறம் மிதிச்சாலும் ஒண்ணுதான், மிதிக்காட்டியும் ஒண்ணுதான். மொதல்ல போனப் போட்டு வண்டிய எடுக்காதீகன்னு சொல்லுங்க'ன்னான். சொல்லிட்டே அவன் ஜீப்பத் தள்ளி வெளிய எடுத்துட்டான். பேடு முந்தாநாளே வந்துருச்சாம், பொட்டலத்தோட எடுத்து சீட்டுல போட்டான். 'ஏறுங்க, நான் போயி அங்கயே மாத்திக் குடுத்துர்றேன்'னான்.

நான் ஏறல சார்.

அவன் வாய் சும்மா இருக்காது. உள்ளத உள்ளபடி பேசுறவன். அங்க போயி மாப்பிள்ளை முன்னாடி சக்கரத்தக் கழட்டி, 'இந்தா பாருங்க சார், எவன் வேலை இது'ன்னு நீட்டுனான்னா? நான் அப்பவே போன காதுல வச்சுப் பேசுற மாதிரி பேசி, 'சொல்லிட்டேம்ப்பா, வண்டிய நிறுத்திட்டாக, நீ ஜீப்ப உள்ள விடு'ன்னுட்டேன். அவன் சிலுவை போட்டுக்கிட்டு உள்ள போயிட்டான். டாக்சி ஸ்டாண்டுல போயி நின்னேன். அங்க அம்புட்டுப் பேரும் தெரிஞ்சவன், மலைக்கு எதுக்குண்ணேன்னு கேப்பான். அதான் சார் பஸ்ஸப் பிடிச்சேன்.

ஐயோ, போன் போடாம இருப்பேனா? போட்டேன். பஸ் ஸ்டாண்டுல நின்னு போட்டுக்கிட்டே இருந்தேன், ஒரு தடவ கெடச்சுச்சு. மாப்பிள்ளைதான் எடுத்தாக. 'மாப்பிள்ளை, இன்னைக்கு மகளுக்குச் சந்திராஷ்டமம், வண்டி வாகனத்துல போகக் கூடாது, அங்கயே ரூம் போட்டு இருங்க, நான் வர்றேன்'னேன். அவுக சிரிக்கிறாக சார். 'மாமா, நான் இதெல்லாம் பாக்குறதில்லன்னு உங்களுக்குத் தெரியும்ல. லீவு இல்ல, மத்தியானத்துக்குள்ள எறங்கிருவோம்'னாக. அவ்வளவுதான். அப்பறம் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு அந்தப் பொம்பள சொல்லிக்கிட்டே இருக்கா.

தெரியுது சார். உண்மையச் சொல்லியிருக்கலாமேங்கிறீங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க பொண்ணக் கட்டிக் குடுத்திருக்கீங்களா? இல்லல்ல. அப்படின்னா உங்களுக்குச் சொன்னாப் புரியாது. பழைய வண்டியத் தலையில கட்டிட்டான், அதுக்கும் மேல கிரீஸ வச்சு ஏமாத்திட்டான்னு ஒரு பேச்சு அந்த வீட்டுக்குள்ள போச்சுன்னா, அது என் மகளுக்குச் சாகுற வரைக்கும் இருக்கும். அடுப்படியில ஒரு பாத்திரம் கீழ விழுந்தாக்கூட உங்கப்பன் குடுத்த பாத்திரம்தானேம்பாக. மானம் கப்பலேறிடும் சார். எனக்காக இல்ல. அவளுக்காகத்தான் பாக்குறேன்.

செக்போஸ்டுக்கா? போலீஸ்ல சொல்லி வண்டிய நிறுத்தச் சொல்லவா? நல்லாச் சொன்னீங்க. புது மாப்பிள்ளைய நடு ரோட்டுல போலீஸ் நிறுத்தி, உங்க மாமனார்தான் நிறுத்தச் சொன்னாருன்னா? வேணாம் சார், போன உள்ள வைங்க. கோவப்படாதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், வைங்க.

ஒண்ணு செய்வீங்களா? உங்க போன்ல டவர் இருக்குல்ல. நம்பரு நான் சொல்றேன். நீங்க கம்பெனிலருந்து பேசுற மாதிரி பேசுங்க. இந்த மாடல் வண்டிக்கெல்லாம் பிரேக்ல கோளாறு இருக்கு, இன்னைக்கு எடுக்காதீங்க, நாங்களே ஆள் அனுப்புறோம்னு சொல்லுங்க. உங்க பேச்சு இங்கிலீஸ் கலந்து நல்லா இருக்கு, நம்புவாக. பொய்தான். ஒரு உசுருக்காகச் சொல்ற பொய்யி சார். ரெண்டு உசுரு. சொல்லுங்க சார். போகுதா? ரிங் போகுதா? எடுக்கலையா? மறுபடி போடுங்க. போட்டுக்கிட்டே இருங்க சார், நான் ரோட்டப் பாக்குறேன்.

எல்லா வண்டியும் எறங்குது. லாரி எறங்குது, வேன் எறங்குது, அந்தச் சின்னப் பயலுக பைக்ல சிரிச்சுக்கிட்டு எறங்குறாங்க. அம்புட்டு வண்டியிலயும் பிரேக் இருக்கு சார்.

இரு, இருங்க. என் போனு. என் போன்தான் அடிக்குது. மாப்பிள்ளை நம்பரு.

மாப்பிள்ளை... மாப்பிள்ளை, எங்க இருக்கீங்க? சத்தமாப் பேசுங்க, பஸ்ல இருக்கேன்... பெருமாள் மலைக்குக் கீழயா?... என்னது?... ஐயோ முருகா... மக? மக எப்படி இருக்கா?... நெத்தியிலயா?... ரத்தம் நின்னுருச்சா?... உக்காந்திருக்காளா, பேசுறாளா?... சரி மாப்பிள்ளை. சரி. நீங்க தெய்வம் மாப்பிள்ளை. வந்துட்டேன், இன்னும் கொஞ்சத்துல வந்துருவேன்... ஆமா... ஆமா...

பிரேக் வேலை பாத்தது யாரா?

இருதயராஜு, மாப்பிள்ளை. வத்தலக்குண்டு இருதயராஜு. அவன்தான் பிரேக் பாத்தான்... ஆமா, புதுசு மாத்திட்டேன்னுதான் சொன்னான்... கிரீஸா? கிரீஸா வச்சிருக்கான்? அடப்பாவி... எனக்கென்ன மாப்பிள்ளை தெரியும், பந்தக்காரன்... ஆமா. விடக்கூடாது. கேஸ் குடுப்போம். பட்டறையப் பூட்ட வச்சிருவோம். நீங்க சொல்றதுதான் சரி... மககிட்ட குடுங்க. ஒரு வார்த்தை பேசிக்கிறேன்...

உசுரோட இருக்காக சார். ரெண்டு பேரும். மிதிச்சா பெடலு தரையோட போயிருச்சாம், சக்கரத்துலருந்து புகையாம். மாப்பிள்ளை கியரக் குறைச்சு, மலைப் பக்கமா ஓரங்கட்டி ஓடையில எறக்கி முட்டி நிறுத்தியிருக்காக. மெதுவாத்தான் முட்டியிருக்கு. ஆனா அவ பெல்ட் போடல. மணி அடிக்கலையாம், ஞாபகம் இல்லையாம். முன்னாடி போயி விழுந்து புருவத்துக்கு மேல கிழிஞ்சிருக்கு. பின்னாடி வந்த வண்டிக்காரன் ஒருத்தன் எறங்கிச் சக்கரத்தப் பாத்துட்டுக் கிரீஸுன்னு சொல்லியிருக்கான்.

ஏன் சார் என்னைய அப்படிப் பாக்குறீங்க? இருதயராஜுக்கு ஒண்ணும் ஆகாது. நாலு நாளு கழிச்சு நான் சொல்லிச் சமாதானம் பண்ணி வச்சிருவேன். இப்பக் கொதிச்சுப் போயி இருக்காக, இப்பப் போயி...

வினோ. அம்மா வினோ. அப்பாதான்டா பேசுறேன். அப்பா வந்துக்கிட்டே இருக்கேன்டா. வலிக்குதா?... பேசும்மா... வினோ?...

வச்சுட்டா.

இல்ல, லைன் கட்டாகல. அவளே வச்சுட்டா.

சார், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. அழகர் கிரீஸ் வச்சான்னு சொன்னேன்ல. அன்னைக்கு இருட்டிப் போச்சு. ஒரு கையால சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால வைக்க அவனுக்குத் தோது இல்ல. விருந்துக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்திருந்த வினோதான் பக்கத்துல குத்த வச்சு உக்காந்து டார்ச் அடிச்சா. 'இதுனால ஒண்ணும் ஆகாதாப்பா'ன்னு கேட்டா. 'ஒண்ணும் ஆகாது, சத்தத்துக்குத்தான். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிறாத, அப்பா மானம் போயிரும்'னேன். தலைய ஆட்டுனா. அந்தக் கார்லதான் சார் ஏறி மலைக்குப் போயிருக்கா. அந்தக் கார்லயேதான் எறங்கியிருக்கா. பெடலு போகுதுன்னு அவுக கத்துனப்பவும் பக்கத்துலதான் உக்காந்திருந்திருக்கா.

இப்பப் போன்ல என்ன சொன்னா தெரியுமா சார்? வலிக்குதுங்கல. வாங்கப்பான்னு கூப்பிடல. வாயில கைய வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி மெதுவா, அவுகளுக்குக் கேக்காம, ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா.

'நான் சொல்லலப்பா'ன்னா.